தட்டில் மிஞ்சிய ஏழு கல்

“செருப்பக் கழத்தும்வே. மொதல்ல செருப்பு, பொறவு பேச்சு.”

ஆவுடைநாயகத்தின் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை எப்போதும் இதுதான். வணக்கம் சொன்னாலும் இதுதான், ஊர் பேரைச் சொன்னாலும் இதுதான், நான் இன்னாருக்கு மச்சான் என்று ஆரம்பித்தாலும் இதுதான். வலது கையால் மூங்கில் கம்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் மரத்தட்டைக் காட்டுவார். வந்தவர் கழற்றி வைக்கும்வரை முகத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டார். காலைத்தான் பார்ப்பார். கழற்றி வைத்த பிறகு, “எந்தூரு? எத்தன ஜோடி? ஷாம்பு கீம்பு, பாட்டில் கீட்டில் உண்டுமா?” என்று விசாரணை தொடங்கும்.

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே போகிற சாலை மலையில் முட்டி நின்றுவிடுகிற இடத்தில் இருக்கிறது அவருடைய சோதனைச்சாவடி. ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, பாதைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கம்பு. அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் ஏறினால் தொட்டிப்பாறை அருவி. காலை எட்டு மணிக்குக் கம்பு மேலே போகும். மாலை நாலு மணிக்குக் கீழே வந்து பூட்டு விழும். நாலு மணிக்கு மேல் மலையில் மனுசன் இருக்கக் கூடாது என்பது சட்டம். கரடிக்கும் செந்நாய்க்கும் அந்த நேரத்திலிருந்து சொந்தம். சட்டத்தை எழுதியவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். அதைக் காலில் விழுந்தாலும் விடாமல் நடத்திக் காட்டுகிற ஒரே ஆள் இந்தக் காக்கிச் சட்டைக்காரர்.

அவருக்குச் சட்டத்தைவிடப் பெரியது அந்த மரத்தட்டு. புயலில் சாய்ந்த வேங்கையை அறுத்து அவரே அடித்தது. எட்டு அடுக்கு, அடுக்குக்கு இருபத்தைந்து ஜோடி, ஆக இருநூறு. தட்டு நிறைந்தால் மலை நிறைந்தது. இருநூற்றொன்றாவது ஆள் யாராயிருந்தாலும், மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்து தன் செருப்பை மாட்டும்வரை வெளியே நிற்க வேண்டியதுதான். ஒரு பொங்கல் லீவில், சென்னையிலிருந்து சைரன் வைத்த காரில் வந்த பெரிய அதிகாரி ஒருவர் பளபளக்கிற ஷூவோடு ஒன்றேகால் மணி நேரம் புளியமரத்தடியில் நின்றார். “எடமில்ல சார், செத்த பொறுங்க” என்று சொல்லிவிட்டு ஆவுடைநாயகம் அடுப்பில் கட்டன் சாயா போடப் போய்விட்டார். அதிகாரிக்கும் ஒரு தம்ளர் கொடுத்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்களின் முகம் அவருக்கு மறந்துபோகும், செருப்பு மறக்காது. “ஒமக்கு வாத்தியார் வேலைலா? குதிங்கால் பக்கம் மட்டும் இப்பிடித் தேய்ஞ்சிருக்கே, நின்னுக்கிட்டே இருப்பீரோ” என்பார். வந்தவர் அசந்துபோவார். பாதி நேரம் தப்பாகவும் போகும்; அப்போது, “அப்பம் இது ஒம்ம செருப்பு இல்ல” என்று ஒரே போடாய்ப் போட்டுவிடுவார். அவருக்கென்று செருப்பு கிடையாது. நாற்பத்தாறு வயதில் உள்ளங்கால் இரண்டும் வெடித்து, தார்ச்சாலை மாதிரி இருக்கும். ஒரு தடவை குரங்கு ஒன்று தூத்துக்குடிக் கல்யாண கோஷ்டியின் மாப்பிள்ளைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு மருதமரத்தில் ஏறிவிட்டது. ஆவுடைநாயகம் வேலையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் மரத்தடியில் நின்று, குரங்கோடு நியாயம் பேசி, கடைசியில் தன் மத்தியானச் சாப்பாட்டைக் கொடுத்து அந்தச் செருப்பை மீட்டார். தட்டில் வைத்த ஒன்று தொலைந்தது என்ற பேச்சு வரக் கூடாதாம்.

ஏன் செருப்பு? இதற்கு அவர் சொல்கிற காரணம் மூன்று. பாறை வழுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும். பாதையோரத்தில் அய்யனார் இருக்கிறார், அவர் முன்னால் செருப்போடு போகக் கூடாது. மூன்றாவது காரணத்தை எல்லோரிடமும் சொல்ல மாட்டார். ஆரம்பத்தில் அவருக்கும் ஒரு நோட்டுத்தான் கொடுத்தார்கள். வருகிறவர்கள் பேரெழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். காலேஜ் பையன்கள் சினிமா நடிகர்கள் பேரை எழுதினார்கள். காதலித்து வந்தவர்கள் எந்தப் பேரையும் எழுதாமல் நழுவினார்கள். சரி, தலையை எண்ணிவிடுவோம் என்று விரலை நீட்டினால், குடும்பத்தோடு வந்த பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். “அண்ணாச்சி, பச்சப் பிள்ளையள எண்ணாதீங்க, கண்ணு பட்டுரும்.” அவரும் அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தார், அதனால் அதற்கு மேல் வற்புறுத்த அவருக்கும் மனசில்லை. ஆளை எண்ணினால்தானே தப்பு? செருப்பை எண்ணினால் யாருக்கு என்ன?

அதிலிருந்து நோட்டு கொட்டகை எரவாணத்தில் செருகிக் கிடந்தது. தட்டில் ஒரு ஜோடி மிச்சமிருந்தாலும் அவர் மலையேறிவிடுவார். வழிதவறிய ஜவுளிக்கடைக்காரர், கால் பிசகி உட்கார்ந்திருந்த நர்ஸ், அருவிக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஜோடி என்று எத்தனையோ பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நாலு மணிக்கு வயர்லெஸ்ஸில் வனவர் ஐயம்பெருமாள் கூப்பிடுவார். “என்னவே ஆவுட, என்ன நெலம?” “தட்டு காலி சார், மலை காலி.” பதினொரு வருசமாக இதே கேள்வி, இதே பதில். ஒரு ஆளைக்கூட மலையில் விட்டுப் பூட்டியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. இருந்தால் என்ன, வேறு எதில் அவர் தலைக்கனம் கொள்ள முடியும்?

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு ஓட்டை இருந்தது. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட சாமிமார் வருவார்கள். கறுப்பு வேட்டி, துளசி மாலை, வெறுங்கால். தட்டில் வைக்க அவர்களிடம் செருப்பில்லை. ஆவுடைநாயகம் யோசித்து, ஒரு பிஸ்கட் டின் நிறைய ஆற்றுக் கூழாங்கல் பொறுக்கி வைத்தார். உள்ளே போகிற ஒவ்வொரு சாமியும் டின்னிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் அதை எடுத்து டின்னில் போட வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் செருப்பை மறந்துவிட்டு யாரும் ஊருக்குப் போவதில்லை. கல்லை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? சரணம் சொல்லிக்கொண்டே இறங்கி வந்து, சரணம் சொல்லிக்கொண்டே வேனில் ஏறிவிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் ஐந்தாறு கல் தட்டில் இளித்துக்கொண்டிருக்கும்.

முதல் நாலு வருசம், கல் மிஞ்சிய ஒவ்வொரு நாளும் அவர் மலையேறினார். தொட்டிப்பாறை வரைக்கும் போய்த் தொண்டை கிழியக் கூப்பிட்டார். ஒரு நாள்கூட அங்கே ஈ காக்கை இருந்ததில்லை. ஒரு தடவை பாதி வழியில் கரடி ஒன்று குறுக்கே வந்து, முழங்கால் சிராய்க்க உருண்டு தப்பித்தார். “சாமிமாருக்கு மறதி ஜாஸ்தி” என்று அதற்குப் பிறகு ஏறுவதை விட்டுவிட்டார். துண்டால் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாக் கல்லும் டின்னுக்குள் விழுந்துவிடும்.

தொண்ணூற்றைந்து கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே இரண்டு வேனில் இருபத்திரண்டு சாமிமார் வந்து போயிருந்தார்கள். பதினொரு மணிக்கு வண்ணார்பேட்டையிலிருந்து ஒரு ஆபீஸ் கூட்டம் வந்தது. ஒரு அம்பாசடர் காரில் நாலு பேர், பின்னாலேயே ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர். ஸ்கூட்டரை ஓட்டி வந்தவர் பாக்கியசீலன். அவர் பின்னால் உட்கார்ந்து வந்தவர் குமரகுருபரன், முப்பத்திரண்டு வயசு, அந்தக் கூட்டத்தில் மாலை போட்டிருந்த ஒரே ஆள். கார்க்காரர்களின் பையிலிருந்து அரைப் பாட்டில் பிராந்தியைக் கண்டுபிடித்து, அவர்கள் கெஞ்சக் கெஞ்ச அதைப் புளியமரத்து வேரில் ஊற்றி முடித்துவிட்டு ஆவுடைநாயகம் திரும்பினார்.

“சாமி, நீங்க ஒரு கல்லு வச்சிட்டுப் போங்க.”

“இது எதுக்கு அண்ணாச்சி?”

“நீங்க உள்ள இருக்கியன்னு இந்தக் கல்லுதான் சாச்சி. வரும்போது ஞாபகமா எடுத்து டின்னுல போட்டுருங்க. எல்லாரும் மறந்துருதாவ.”

குமரகுருபரன் சிரித்துக்கொண்டே ஒரு வெள்ளைக் கல்லைத் தேர்ந்தெடுத்து, அதற்கொரு இடம் பார்த்து, பூ வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. ஆவுடைநாயகம் விசிலை எடுத்து ஊத ஆரம்பித்தார். மழை சாவடியை எட்டுவதற்கு முன்னால் ஜனம் ஓடி வந்தது. துண்டைத் தலையில் போட்டவர்கள், பிள்ளையைத் தோளில் போட்டவர்கள், ஒருவர் காலில் ஒருவர் மிதித்துக்கொண்டு செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள். காரும் ஸ்கூட்டரும் கிளம்பிப் போயின. கால் மணி நேரத்தில் மழை கீழே நின்றுவிட்டது. மேலே நிற்கவில்லை. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆவுடைநாயகம் தட்டைப் பார்த்தார். எட்டு அடுக்கிலும் ஒரு செருப்பில்லை. கல் மட்டும் ஏழு இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்தார், தட்டினார். பிறகு வயர்லெஸ்ஸில், “தட்டு காலி சார், மலை காலி” என்றார். கம்பை இறக்கினார். பூட்டினார்.

ஐந்தேகால் மணி. அடுப்பில் சாயாவுக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டே அந்த அம்பாசடர் திரும்பி வந்து நின்றது. நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்து குதித்தவர் பாக்கியசீலன்.

“அண்ணாச்சி, எங்க சாமி இங்கன இருக்காரா?”

“எந்தச் சாமி?”

“என் ஸ்கூட்டர்ல வந்தாரே, குமரகுருபரன். மழ வந்ததும் கார்ல ஏறிட்டாருன்னு நான் நெனச்சிட்டேன். கார்ல உள்ளவங்க ஸ்கூட்டர்ல வாராருன்னு நெனச்சிருக்காங்க. அம்பாசமுத்திரத்துல டீ குடிக்க எறங்கிப் பாத்தா ஆளக் காணும். மேல்தொட்டியில குளிச்சிட்டு வாரேன், நீங்க பைய நடங்கன்னு சொன்னாரு. அதான் கடைசியாப் பாத்தது.”

“தட்டு காலியால்லா இருந்துச்சு” என்று ஆவுடைநாயகத்தின் வாய் தன்பாட்டுக்குச் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கண் பிஸ்கட் டின்னுக்குப் போனது. மேலாகவே கிடந்தது அந்த வெள்ளைக் கல்.

ஐயோ! பதினொரு வருசம். பதினொரு வருசமாக ஒரு ஆளை விட்டதில்லை என்று மார்தட்டின மனுசனுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எதிரே நிற்கிறவர் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. சாவியைத் தேடினார். சட்டைப் பையில் தேடினார், அடுப்புக்குப் பக்கத்தில் தேடினார், டின்னுக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் பூட்டைத் திறக்காமலேயே கம்புக்குக் கீழே குனிந்து ஓடினார். ஓடினவர் திரும்பி வந்து, கொட்டகை மூலையிலிருந்த நைலான் கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஓடினார். பாக்கியசீலனும் இன்னொருவரும் பின்னால் ஓடினார்கள்.

பாதி வழியிலேயே ஓடையின் இரைச்சல் கேட்டது. காலையில் கணுக்கால் நனைய மட்டும் இருந்த தண்ணீர். இப்போது செங்காவி நிறத்தில், செடிகொடிகளை வேரோடு உருட்டிக்கொண்டு வந்தது. தொட்டிப்பாறைக்கு மேலே, ஓடைக்கு நட்டநடுவில் ஒரு பாறை. அதில் நிற்க இடமில்லை. குமரகுருபரன் தன் கறுப்பு வேட்டியை முறுக்கி, பாறை இடுக்கில் முளைத்திருந்த நீர்மருதின் வேரில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் சாய்ந்து கிடந்தார். பாக்கியசீலன், “ஏசுவே!” என்று அலறிவிட்டார். ஆவுடைநாயகத்துக்கு எந்தச் சாமி பேரும் வாயில் வரவில்லை.

கயிற்றின் ஒரு முனையைக் கரையிலிருந்த மரத்தில் கட்டி மறுமுனையை வீசினார். முதல் வீச்சைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது, பாறையில் பட்டு வழுகியது. மூன்றாவதில் குமரகுருபரனின் கை அதைப் பிடித்தது. ஆனால் விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அதை அக்குளுக்குள் கொடுத்துக்கொண்டார். ஆவுடைநாயகம் இடுப்பளவுக்கு இறங்கி நின்று இழுத்தார், மற்ற இருவரும் கரையில் நின்று இழுத்தார்கள். வெளிச்சம் மங்குவதற்குள் ஆள் கரைக்கு வந்துவிட்டார்.

வந்ததும் அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, பற்கள் கிடுகிடுக்க, ஆவுடைநாயகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அந்தப் பாறையில இருந்து பாத்தா நம்ம செக்போஸ்ட் தெரியுது அண்ணாச்சி. எங்க கார் போனது தெரிஞ்சுது. நீங்க வெளிய வந்து கம்ப எறக்கிப் பூட்டுனதும் தெரிஞ்சுது. கத்துனேன். பூட்டிட்டு நீங்க உள்ள போய்ட்டீங்க. இனி இன்னைக்கு யாரும் வரமாட்டாங்கன்னு நெனச்சேன்.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதைக் கேட்டு ஆவுடைநாயகம் அந்த ஈரப்பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரையும் இரண்டு பேர் தூக்கி விட வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து இன்னொரு கூத்து தொடங்கியது. ‘உயிரைப் பணயம் வைத்து வெள்ளத்தில் குதித்த வனக்காவலர்’ என்று பத்திரிகையில் மூன்று பத்திக்குச் செய்தி வந்தது. போட்டோவும் இருந்தது. காலைச் சாயாவோடு அதைக் கொண்டுவந்து கொடுத்த மனைவி பாலம்மாளிடம்தான் அவர் முதன்முதலாக வாயைத் திறந்தார். கல்லைப் பற்றிச் சொன்னார், துண்டைப் பற்றிச் சொன்னார். பாலம்மாள் பத்தமடைக்காரி, அளந்துதான் பேசுவாள். “அவருக்குப் பொண்டாட்டி உண்டுமா?” என்று கேட்டாள்.

“உண்டும். ஒரு பொம்பளப் பிள்ளையும் இருக்காம்.”

“அந்த எடத்துல நானா இருந்தா, எனக்குத் தெரியணும்னு இருக்கும்” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

முதலில் வனவரிடம் சொன்னார். ஐயம்பெருமாள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “என்னவே ஒளறுதீரு? யாருவே பாத்தா? ஆள் உசுரோட இருக்கான்லா? ஒமக்கு இன்னும் பன்னெண்டு வருசம் சர்வீஸ் கெடக்கு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரும்.” நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அதையும் மறுக்க முடியாது.

அடுத்த வாரம் வன ஆபீஸ் மண்டபத்தில் அவருக்குப் பொன்னாடை போட்டார்கள். பாராட்டிப் பேசினார்கள். ஏற்புரையாக நாலு வார்த்தை சொல்லச் சொல்லி மைக்கை அவர் முன்னால் இறக்கி வைத்தார்கள். “தட்டுல ஏழு கல்லு இருந்துச்சு” என்றார் ஆவுடைநாயகம். “நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் தட்டிவிட்டேன்” என்றார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மனுசன் கூச்சத்தில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்து முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். அவ்வளவுதான், மண்டபமே கை தட்டியது. அந்தக் கைதட்டலில் அவர் நின்ற நிற்பு இருக்கிறதே, அடி வாங்கினவன்கூட அப்படி விறைத்துப்போய் நிற்க மாட்டான். ஒப்புக்கொண்டதற்குக் கை தட்டுகிற ஊரும் உண்டா?

இப்போதெல்லாம் சாவடியில் பிஸ்கட் டின் இல்லை. அன்றைக்கே அதைக் கல்லோடு ஓடையில் வீசிவிட்டார். தட்டு காலியாக இருந்தாலும் நாலு மணிக்கு மலையேறுகிறார். தொட்டிப்பாறை, மேல்தொட்டி, நடுப்பாறை என்று ஒவ்வொன்றிலும் நின்று கூப்பிடுகிறார். ஐந்து மணிக்கு இறங்கி வந்து பூட்டுகிறார். “எதுக்குவே தெனம் இந்தச் சடங்கு, அதான் தட்டு காலியாருக்கே?” என்று வயர்லெஸ்ஸில் கேட்டால், “பாத்துட்டு வந்து சொல்லுதேன் சார்” என்று மட்டும் பதில் வரும். வழியில் யாராவது தன்னை அடையாளம் கண்டு, “பேப்பர்ல வந்தவர்தான நீங்க?” என்று கையைக் குலுக்க வந்தால், “செருப்பக் கழத்தும்வே” என்பார். ஆனால் பழைய அதட்டல் அதில் இல்லை.

தை மாதம் ஒரு காலையில், எட்டு மணிக்கு முன்னால், கம்பு இன்னும் பூட்டியிருந்தபோதே குமரகுருபரன் குடும்பத்தோடு வந்தார். விரதம் முடிந்து மாலையைக் கழற்றியாகிவிட்டது, கால்சட்டையில் ஆளே வேறு மாதிரி இருந்தார். மனைவி சித்ரலேகா கையில் பட்டுக்கரை வேட்டியும் சட்டைத்துணியும் வைத்த தாம்பாளம். முழங்கையில் தொங்கிய தூக்குச்சட்டியில் அவளே சுட்ட அதிரசம். நாலு வயசுச் சுப்ரஜா அப்பாவின் கையை விட்டுவிட்டு, வந்ததும் வராததுமாய் மூங்கில் கம்புக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் போய், மண்ணில் கிடந்த குன்றிமணிகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

“நமஸ்காரம் பண்ணிக்கிடுதோம் அண்ணாச்சி” என்றாள் சித்ரலேகா. “இவுகள நீங்க திரும்பக் குடுத்தீங்க. எங்க வீட்டுப் பூசையில தெனமும் ஒங்களுக்கும் சேத்துத்தான் கும்பிடுதேன்.”

தாம்பாளத்தைத் தரையில் வைத்துவிட்டு அவள் குனியப் போனாள். ஆவுடைநாயகம் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

“வேண்டாம்மா. செத்த நில்லுங்க. ஒண்ணு சொல்லணும்.”

சொன்னார். இந்தத் தடவை யாருக்கும் புரியாமல் போகிற மாதிரிச் சொல்லவில்லை. எதற்குக் கல், யார் வைத்த கல், அது தட்டில் இருந்தால் என்ன அர்த்தம் என்று முதலிலிருந்து சொன்னார். “ஒங்க வீட்டுக்காரர் வச்ச கல்ல என் கண்ணால பாத்தேம்மா. ஏறிப் போயிப் பாத்திருக்கணும். சாமிமாரு மறந்துட்டாவன்னு தொடச்சுப் போட்டுட்டு, ஆள் இல்லன்னு நாந்தான் வயர்லெஸ்ல சொன்னேன். நாந்தான் பூட்டுனேன். இவிய கூட வந்தவிய திரும்பி வரலன்னா, நான் சாயாவக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.”

குமரகுருபரன் சிரித்தார். “என்ன அண்ணாச்சி நீங்க, பொறவு நீங்கதான வந்து தண்ணிக்குள்ள எறங்கி…” என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சித்ரலேகாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

“நீங்க எத்தன மணிக்குப் பூட்டுனீங்க?”

“நாலு.”

“இவுகளக் கரைக்கு இழுத்தது?”

“ஆறு ஆயிருக்கும்மா.”

அந்த இரண்டு மணி நேரத்தில் தான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று யோசித்தாளோ என்னவோ. அடுப்படியில் நின்றிருப்பாள், பிள்ளைக்குத் தலை வாரியிருப்பாள். மலைப்பாதையிலிருந்து சுப்ரஜா, “அம்மா, இங்கன பாரு, எவ்வளவு செவப்பா இருக்கு!” என்று கூப்பிட்டாள். குழந்தை பத்துப் பதினைந்து அடி உள்ளே போயிருந்தது.

சித்ரலேகா தூக்குச்சட்டியைப் பாதையோரத்தில் வைத்தாள். கம்புக்குக் கீழே குனிந்து அந்தப் பக்கம் போனாள். பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், குன்றிமணிகள் சிதறின. பிள்ளையைச் சுமந்துகொண்டு அவள் மறுபடி குனிய வேண்டாமே என்று ஆவுடைநாயகம் ஓடிப்போய்ப் பூட்டைத் திறந்து, கம்பை இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தார்.

அவள் அதன் கீழே வரவில்லை. கம்பைத் தாங்குகிற தூணுக்கு அப்பால், இலந்தை முள் அடர்ந்து கிடந்த சரிவில், சேலை கிழிவதைக்கூடப் பார்க்காமல் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கிச் சாலைக்குப் போனாள்.